18446744073709551615: சதுரங்கப் பலகையில் ராகி வைத்தால் வரும் எண் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவனிடம் ராஜா "என்ன வேண்டும், கேள்" என்றாராம். "முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. இப்படி 64 கட்டமும் நிரப்பிக் கொடுங்கள், போதும்" என்றானாம் அவன். வடக்கே இந்தக் கதையில் கோதுமை வரும், கேரளத்து அம்பலப்புழைக் கோயில் கதையில் அரிசி வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி கிண்டுவது ராகியில் என்பதால் இங்கே கணக்கும் ராகியில்தான். தானியம் எதுவானாலும் எண் மாறாது, எடை மட்டும் மாறும்.

கீழே 2^64 என்று எழுதியிருந்தால் 2-ஐ 64 முறை எழுதிப் பெருக்குவதாகக் கொள்க.

இந்த எண்ணைத் தமிழில் எப்படிப் படிப்பது?

நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்ல கோடியை இரண்டு முறை பயன்படுத்தினால் போதும்: 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. கோடிக்கு மேல் உள்ள பழைய பெயர்கள் பட்டியலுக்குப் பட்டியல் வேறு மதிப்பில் இருக்கின்றன. அவற்றைக் கலந்தால் கேட்பவர் குழம்புவார்.

கடைசியில் 615-ஆ, 616-ஆ? இரண்டையும் பார்க்கிறோமே?

இரண்டும் சரியான எண்கள்தான், ஆனால் வேறு வேறு கேள்விக்கு விடை. அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான்.

64-வது கட்டத்தில் மட்டும் உள்ளது 2^63, அதாவது 9223372036854775808. முதல் கட்டத்தில் 2 அல்ல, 1 இருப்பதால் அடுக்கு எப்போதும் கட்ட எண்ணைவிட ஒன்று குறைவு. 64 கட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகை 2^64 − 1, அதுதான் 615-ல் முடிவது. 65-வது கட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் அதில் இருக்க வேண்டியது 2^64, அது 616-ல் முடியும்.

ஒன்று ஏன் குறைகிறது? பலகைக்கு வெளியே இன்னொரு ராகியை வைத்துக்கொள்ளுங்கள். அதை முதல் கட்டத்து 1-உடன் சேர்த்தால் 2. அதை இரண்டாம் கட்டத்து 2-உடன் சேர்த்தால் 4. மூன்றாம் கட்டத்து 4-உடன் சேர்த்தால் 8. இப்படியே உருட்டிக்கொண்டு போனால் 64-வது கட்டம் தாண்டியதும் கையில் 2^64 இருக்கும். வெளியிலிருந்து வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதி 2^64 − 1. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசையின் கூடுதல் என்று வரும் சூத்திரம் இதையே வேறு உடையில் சொல்கிறது. இந்த "ஒன்று குறைவு" சின்ன விஷயமல்ல. கீழே வரும் விசேஷங்களில் பெரும்பாலானவை அதிலிருந்து பிறக்கின்றன.

கால்குலேட்டர் இல்லாமல் கையால் போட முடியுமா?

முடியும். 64 முறை இரட்டிக்கத் தேவையில்லை, வர்க்கம் எடுத்தால் போதும். 2^16 = 65536 வரை எல்லோருக்கும் வரும். பிறகு இரண்டே வர்க்கம்.

முதல் வர்க்கத்துக்கு 65536-ஐ 65000 + 536 என்று பிரியுங்கள். 65000-இன் வர்க்கம் 4225000000. இரு மடங்கு பெருக்கம் 2 × 65000 × 536 = 69680000. 536-இன் வர்க்கம் 287296. கூட்டினால் 4294967296. இது 2^32.

அடுத்த வர்க்கத்துக்கு இந்தப் பத்து இலக்கத்தை நடுவில் வெட்டுங்கள்: 42949, 67296. 42949-இன் வர்க்கம் 1844616601. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. 67296-இன் வர்க்கம் 4528751616. முதலாவதன் பின்னால் பத்து பூஜ்யம், இரண்டாவதன் பின்னால் ஐந்து பூஜ்யம், மூன்றாவது அப்படியே:

18446166010000000000
578059180800000
4528751616

வலப்பக்கம் நேராக நிறுத்திக் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழியுங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் நடு வரியில்: ஐந்து பூஜ்யத்துக்குப் பதில் நான்கோ ஆறோ வைத்துவிடுவார்கள், அல்லது இரட்டிக்க மறந்துவிடுவார்கள்.

எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 வர வேண்டும். 87-ஐ 3 வகுக்கும், 9 வகுக்காது. எண்ணும் அப்படியே: 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் இந்தச் சோதனை கண்டுபிடிக்காது, கூட்டுத்தொகை அதேதானே. படியெடுக்கும்போது 5516 என்பது 5561 ஆகிவிடுவது சகஜம். அதற்கு 11 சோதனை வேண்டும். வலப்பக்கத்திலிருந்து முதல் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாறி மாறிப் போங்கள். 37 வர வேண்டும். 37-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 4. 2^10-ஐ, அதாவது 1024-ஐ, 11-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 2^64-க்கும் 2^4-க்கும் மீதி ஒன்றே. 16-க்கு மீதி 5, அதில் ஒன்று குறைத்தால் 4. பொருந்துகிறது.

கடைசி இலக்கம் 5 என்பதற்குக் காரணம் எளிது. 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றும். 64-ஐ 4 மீதியின்றி வகுக்கும், ஆகவே 6-ல் முடியும். ஒன்று குறைந்தால் 5.

ராகியில் எடை எவ்வளவு வரும்?

ஆயிரம் ராகி ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 2.5 முதல் 3 கிராம். 2.5 என்றே கொள்வோம். அப்படியானால் ஒரு கிராமுக்கு 400 மணி, ஒரு கிலோவுக்கு 4 லட்சம்.

முதல் வரிசை எட்டுக் கட்டமும் சேர்ந்து 255 மணி, ஒரு கிராம்கூட இல்லை. 16-வது கட்டத்தில் 32768 மணி, 82 கிராம். 20-வது கட்டத்தில் 1.3 கிலோ. 27-வது கட்டம் தனியாகவே 168 கிலோ, ஒன்றரை மூட்டைக்கு மேல். 32 கட்டம், அதாவது பாதிப் பலகை நிரம்பும்போது மொத்தம் 4294967295 மணி, 10.7 டன்: ஒரு லாரி லோடு. இதுவரை ராஜா சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

33-வது கட்டம் மட்டும் அந்த லாரி லோடைவிட ஒரே ஒரு மணி அதிகம். முழுப் பலகைக்கு 4,612 கோடி டன். உலகில் ஓராண்டில் விளையும் எல்லாத் தானியமும் ஏறக்குறைய 280 கோடி டன் என்பதால், பதினாறு ஆண்டு உலக விளைச்சல். அரிசியில் கணக்குப் போட்டால், ஓர் அரிசி சுமார் 25 மில்லிகிராம் என்று கொண்டு, இதைப்போல் பத்து மடங்கு.

இதை இங்குள்ளவர்களுக்குக் கண்ணில் படும்படி சொல்ல வேண்டுமே?

ஒரு லிட்டர் ராகி ஏறக்குறைய முக்கால் கிலோ. அப்படியானால் மொத்தம் 61 கன கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதுபோல் 23 அணை நிரம்பும்.

2004-ல் பிரிவதற்கு முந்தைய பழைய தர்மபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தர்மபுரி சுமார் 4,500 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 5,140. ஒகேனக்கல்லிலிருந்து ஓசூர் வரை, மலை மேடு பார்க்காமல் சமமாகப் பரப்பினால் 6.4 மீட்டர் ஆழத்துக்கு ராகி நிற்கும். இரண்டு மாடி வீடு மூழ்கும்.

லாரிக் கணக்குதான் இவற்றில் அழகானது, ஏனென்றால் அது தோராயமல்ல. பாதிப் பலகைக்கு ஒரு லாரி என்றால் முழுப் பலகைக்கு மிகச் சரியாக 4294967297 லாரி, ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது. (காரணம் அடுத்த கேள்விகளில் வருகிறது.) லாரிக்கு 8 மீட்டர் விட்டுத் தொப்பூர் கணவாயிலிருந்து வரிசை கட்டினால் 3.4 கோடி கிலோமீட்டர், இங்கிருந்து நிலாவுக்கு உள்ள தூரத்தைப் போல் 89 மடங்கு.

பள்ளிக் கண்காட்சியில் நிஜ ராகியை வைத்துச் செய்து காட்டலாமா? எத்தனை கட்டம் வரை?

20 கட்டம் வரை தாராளமாக. மொத்தம் 10,48,575 மணி, 2.6 கிலோ. 3 கிலோ ராகி வாங்கினால் சிந்துவதற்கும் சேர்த்துப் போதும். புடைத்து, கல்லும் உமியும் நீக்கி, ஒருநாள் வெயிலில் காயவைத்தது வேண்டும். ஈரம் இருந்தால் எடை ஏமாற்றும்.

10-வது கட்டம் (512) வரை கையால் எண்ணுங்கள். 5 சென்டிமீட்டர் கட்டமுள்ள பலகையில் 11-வது கட்டத்து 1024 மணி கட்டத்தை ஓரடுக்காக ஏறக்குறைய மூடிவிடும். ராகி ஒன்றரை மில்லிமீட்டர் அளவு என்பதால் பக்கத்துக்கு 33 மணி, 33 × 33 = 1089. அதற்கு மேல் கிண்ணம், பிறகு டப்பா, கடைசியில் பை.

1 கிராம் துல்லியம் காட்டும் சமையலறை எடை எந்திரத்தில் 1024 மணியை நிறுக்காதீர்கள். 2.56 கிராமை அது 2 என்றோ 3 என்றோதான் காட்டும். நகைக்கடைத் தராசு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பழைய இரட்டைத் தட்டுத் தராசு போதும், எடைக்கல்லே வேண்டாம். எண்ணி வைத்த 512-ஐ இரண்டு முறை எண்ணினால் 1024, அதை ஒரு தட்டில் போட்டு மறு தட்டில் முள் நேராகும் வரை ராகி கொட்டுங்கள், இரண்டையும் ஒன்றாக்கினால் 2048. ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு முறையும் தட்டுக்கள் ஒரே பக்கம் சாய்ந்து 2 சதவீதம் கூடினால், பத்து இரட்டிப்பில் பிழை 22 சதவீதம் ஆகிவிடும். தட்டுக்களை முறை மாற்றிப் போட்டால் பிழை பெரும்பாலும் தானே அடங்கும்.

24-வது கட்டம் மட்டும் 21 கிலோ. அதற்கு மேல் முயல வேண்டாம்.

இது பகா எண்ணா?

இல்லை. 5-ல் முடிகிறதே. ஆனால் அது உடையும் விதம்தான் விசேஷம்.

எப்படி உடைகிறது?

(அ² − 1) = (அ − 1)(அ + 1) என்ற எட்டாம் வகுப்புச் சமன்பாடு ஒன்றே கருவி. 2^64 − 1 = (2^32 − 1)(2^32 + 1). இடது காரணி மறுபடி அதே உருவம், மறுபடி உடையும், மறுபடியும். முடிவில்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

பலகையில் பார்த்தால் இன்னும் தெளிவு. முதல் வரிசை 255. இரண்டு வரிசை அதைப்போல் 257 மடங்கு. நான்கு வரிசை, இரண்டு வரிசையைப் போல் 65537 மடங்கு. எட்டு வரிசை, நான்கு வரிசையைப் போல் 4294967297 மடங்கு. லாரி எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரியும்.

அந்தக் கடைசி 4294967297 பகா எண்தானே? மற்றவை எல்லாம் பகா எண்ணாக இருக்கின்றனவே?

ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதையும் அப்படித்தான் நம்பினார். 17-ஆம் நூற்றாண்டில் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்று பார்த்து, இந்த உருவத்தில் (2, 4, 16, 256 என்று வர்க்கம் எடுத்துக்கொண்டே போய் ஒன்று கூட்டினால்) வரும் எல்லாமே பகா எண்கள் என்று கருதினார். 1732-ல் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

பகா எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் 641 என்பது 116-வது பகா எண், அதாவது 116 நீள வகுத்தல். ஆய்லரின் வழியில் ஐந்தே வகுத்தல்தான். 2^32 + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும் என்று அவர் நிறுவினார். அப்படிப்பட்டவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். முதல் நான்கும் வகுக்காது, ஐந்தாவது வகுக்கும்.

வகுக்காமலே காட்டவும் வழி உண்டு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1, மற்றும் 625 + 16. முதலாவதன்படி 5 × 2^7-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5^4 × 2^28-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5^4-க்கும் −2^4-க்கும் மீதி ஒன்றே. பதிலுக்குப் போட்டால் −2^32-க்கு மீதி 1. ஆக 2^32 + 1-க்கு மீதி பூஜ்யம். ஒரு சின்னத் துண்டுத் தாளில் அடங்கும் நிரூபணம், இதைப் பார்த்துவிட்டு 641-ஐ மறக்க முடியாது.

ஆகவே நம் எண்ணின் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு முறை வராது. எனவே வகுத்திகள் 2^7 = 128.

நடுவில் எந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கூட்டுத்தொகை பகா எண்ணாகும்?

2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய ஒன்பது கட்டங்களில் மட்டும். அங்கே வரும் கூட்டுத்தொகைகளுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். கட்ட எண் பகு எண்ணாக இருந்தால் கூட்டுத்தொகையும் பகு எண்தான். ஆனால் கட்ட எண் பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது: 11-வது கட்டத்தில் நிறுத்தினால் 2047 = 23 × 89. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-ல் வெளியிட்ட இத்தகைய அடுக்குகளின் பட்டியலில் 61-ஐ விட்டுவிட்டார், 67-ஐத் தவறாகச் சேர்த்தார். 61-ஐ 1883-ல் ரஷ்யாவின் பெர்வூஷின் நிறுவினார்.

இதற்கும் வடிவியலுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பாதிப் பலகைக்கு உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம்? பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது 3, 5, 17, 257, 65537 போன்ற ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக, ஒன்றும் மறுமுறை வராமல் இருக்க வேண்டும். காஸ் 1796-ல் 17 பக்கத்தில் தொடங்கிவைத்தார். வேறு முடியாது என்பதை 1837-ல் வான்ட்செல் முடித்துவைத்தார். இந்த ஐந்தைத் தவிர வேறு ஃபெர்மா பகா எண் இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே தெரிந்தவரை வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31, அவற்றில் பெரியது 4294967295 பக்கம். பாதிப் பலகையின் அதே ராகி எண்ணிக்கை. 65537 பக்கத்துக்கு ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு செலவிட்டு 1894-ல் முடித்தார்.

இன்னொன்று: பாஸ்கல் முக்கோணத்தில் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொன்றும் மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை) ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 போட்டு, ஒவ்வொரு வரியையும் இருநிலை எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் கொண்டு எழுதிய எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255 என்று வரும். 32 வரி வரை அவை 4294967295-இன் வகுத்திகளேதான், ஒன்று விடாமல்.

ராஜாவிடம் 2004 ராகி மட்டும் கேட்டால், கட்டங்களை முழுதாக எடுத்தே கொடுக்க முடியுமா?

முடியும், ஒரே ஒரு வழியில். பெரியதிலிருந்து கழியுங்கள்: 2004 − 1024 = 980, − 512 = 468, − 256 = 212, − 128 = 84, − 64 = 20, − 16 = 4, − 4 = 0. ஆகவே கட்டங்கள் 11, 10, 9, 8, 7, 5, 3. பூஜ்யத்திலிருந்து 18446744073709551615 வரை எந்த எண்ணுக்கும் இது பொருந்தும். இருநிலையில் நம் எண் என்பது 64 ஒன்றுகள் வரிசையாக நிற்பது, எல்லாக் கட்டமும் எடுத்தாயிற்று என்று பொருள்.

ஹனாய் கோபுரம்?

அதே எண். மூன்று கம்பங்களில் வட்டுகளை ஒவ்வொன்றாக, சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் புதிர் இது. எடுவார் லூகா 1883-ல் விற்பனைக்கு விட்ட இதன் கதையில் 64 வட்டுகள். குறைந்தபட்ச நகர்த்தல் 2^64 − 1. வினாடிக்கு ஒன்று என்றால் 58,454 கோடி ஆண்டு.

எக்செல்லில் போட்டால் 18446744073709600000 என்று வருகிறதே. எக்செல் தப்பா?

எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும், மீதிக்குப் பூஜ்யம் போட்டுவிடும். உள்ளே வைத்துக்கொள்வதும் 53 இருநிலை இலக்கம்தான். 2^64-ஐ ஒட்டிக் கீழே அது குறிக்கக்கூடிய எண்கள் 2048-க்கு ஒன்று. ஆகவே 2^64-லிருந்து ஒன்றைக் கழித்தாலும் அதற்கு அது 2^64 தான். போனில் 1.8446744-க்குப் பின் ஓர் ஆங்கில எழுத்தும் 19-ம் வருவதும் இதே சுருக்கம்தான்.

எக்செல்லிலேயே சரியாக வேண்டுமென்றால் எண்ணை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். வலப் பத்தியில் கடைசிப் பத்து இலக்கம், இடப் பத்தியில் மீதி. ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் இரட்டியுங்கள். வலப்பக்கம் ஆயிரம் கோடியை எட்டினால் அதிலிருந்து ஆயிரம் கோடியைக் கழித்து இடப்பக்கத்தில் 1 கூட்டுங்கள். 1-ல் தொடங்கி 64 இரட்டிப்பு முடிந்ததும் இடப்பக்கம் 1844674407, வலப்பக்கம் 3709551616 நிற்கும். வலப்பக்கம் பூஜ்யத்தில் தொடங்கும் வரிகளில் அந்தப் பூஜ்யம் மறைந்து எண் குட்டையாகத் தெரியும். பத்து இலக்கமும் காட்டும்படி வடிவமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடே இல்லை, 2**64-1 என்று அடித்தால் முழுதாக வரும்.

புரோகிராமில் இந்த எண்ணுடன் 1 கூட்டினால் 0 வருகிறது. ஏன்?

குறியில்லாத (கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காத) 64 பிட், அதாவது 64 இருநிலை இலக்க, இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுவே, 64 பிட்டும் 1. இன்னொன்று கூட்டினால் 65-வது பிட்டுக்கு இடமில்லை, பழைய பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டி 00000-க்குத் திரும்புவது போல. குறியுள்ள வகையில் ஒரு பிட் குறிக்குப் போய்விடுவதால் எல்லை 9223372036854775807. பலகைக் கணக்கை அந்த வகையில் எழுதியவர்களுக்கு 63 கட்டம் வரை கூட்டுத்தொகை ஒழுங்காக வரும். 64-வதில் கையை விரிக்கும், பெரும்பாலும் −1 என்று காட்டும். அறிவிப்பில் குறியில்லாத வகைக்கு மாற்றிவிட்டு, 2^64-ஐக் கண்டுபிடித்து ஒன்றைக் கழிக்காமல், கட்டம் கட்டமாகவே கூட்டுங்கள்.